ஒரே முகம், ரெண்டு கதை: வெளிநாட்டுல வளர்ந்த கொரியன் பிள்ளைங்க

வணக்கம் மக்களே. அமெரிக்காவுல ஒரே கிளாஸ்ல ரெண்டு கொரியன் பொண்ணுங்க இருக்காங்கன்னு வெச்சுக்கோங்க. ஒருத்தி ஏழெட்டு வயசுல அப்பா அம்மாவோட குடியேறினவ, இன்னொருத்தி கைக்குழந்தையா இருக்கும்போதே தத்து போனவ. ரெண்டு பேர்கிட்டயும் "நீ நெஜமா எந்த ஊரு?"ன்னுதான் கேப்பாங்க.

குடியேறினவளுக்கு வீட்டுக்குள்ள போனா கொரியன் பேச்சு, கிம்ச்சி, ஞாயித்துக்கிழமை ஆனா கொரியன் சர்ச். அங்கயே பொறந்தவங்களும் இல்ல, பெரியவங்களாகிப் போனவங்களும் இல்ல, அதனால இவங்கள ஒண்ணரைத் தலைமுறைன்னு சொல்வாங்க. கஷ்டம் இல்லாம இல்ல, இங்கிலீஷ் சரியா வராத அப்பா அம்மாவுக்கு பேங்க்லயும் ஆஸ்பத்திரியிலயும் இந்தச் சின்னப் பொண்ணுதான் பேசணும். ஆனா குழப்பம் வந்தா கேக்க வீட்டுல ஆள் இருக்கு.

தத்து போனவளுக்கு வீட்டுல எல்லாருமே வெள்ளைக்காரங்க. பாசமாத்தான் வளர்த்திருப்பாங்க, ஆனா ஸ்கூல்ல கண்ணப் பத்தி கிண்டல் பண்ணாங்கன்னு அழுதுட்டு வந்தா அந்த வலிய பட்டவங்க அந்த வீட்டுல யாரும் கிடையாது. சரி, காலேஜ்ல கொரியன் பசங்களோட சேரலாம்னு போனா அங்க "உனக்குக் கொரியன் தெரியாதா?"ன்னு கேக்குறாங்க, வெள்ளைக்காரங்க நடுவுலயும் வேத்தாள், கொரியன்ஸ் நடுவுலயும் வேத்தாள்.

இப்படி வெளிநாட்டுக்குத் தத்து கொடுக்குறது எப்படி ஆரம்பிச்சதுன்னா, 1953ல கொரியப் போர் நின்னது, 1955ல ஓரிகன்ல இருந்த ஹோல்ட் தம்பதி எட்டு கொரியக் குழந்தைங்கள தத்தெடுத்தாங்க, அப்புறம் தத்து கொடுக்குற ஏஜென்சிகள் வந்துச்சு. போர் அநாதைங்கதானேன்னு நாம நெனப்போம். ஆனா உச்சம் 1985, அந்த ஒரே வருஷத்துல 8,800க்கும் மேல குழந்தைங்கள அனுப்பியிருக்காங்க, நிறைய பேர் கல்யாணம் ஆகாத அம்மாக்களுக்குப் பொறந்தவங்க. மொத்தமா சுமார் 2 லட்சம் பேர், அமெரிக்கா, பிரான்ஸ், ஸ்வீடன், டென்மார்க்னு.

எனக்கு மனசு ஆறாத விஷயம் இதுதான். "நான் யாரு"ங்கிறத ஏதோ மனக்குழப்பம் மாதிரி பேசுறாங்க, ஆனா இவங்க கையில இருந்த பேப்பரே பொய். பெத்தவங்க உயிரோட இருக்கும்போதே அநாதைன்னு பதிஞ்சிருக்காங்க, ஒரு குழந்தையோட அடையாளத்துல இன்னொரு குழந்தைய அனுப்பியிருக்காங்க. இத 2025 மார்ச்ல பழைய மனித உரிமை மீறல்கள விசாரிச்ச தென் கொரியாவோட உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமே சொல்லிச்சு, அக்டோபர்ல ஜனாதிபதி லீ ஜே மியுங் மன்னிப்பும் கேட்டாரு.

பெத்தவங்களத் தேடுறதுக்கு 2020ல இருந்து வெளிநாட்டுக் கொரியத் தூதரகங்கள்லயே டிஎன்ஏ கொடுக்கலாம். ஆனா அந்தப் பக்கம் அம்மாவோ உறவுக்காரங்களோ கொடுத்திருந்தாத்தானே பொருந்தும்? அந்த அம்மாக்கள்ல பல பேருக்கு வயசாயிடுச்சு, அதனால இருக்கிற தத்துக் கோப்பு எல்லாத்தயும் ஒளிக்காம இவங்க கையில கொடுக்கணும், அதுவும் இப்பவே.