2 மெகாபிட் லீஸ்டு லைன்: போகும் திசையும் வரும் திசையும்

[திரையில்: தலைமை அலுவலகம், கிளை அலுவலகம், இடையே இரண்டு கோடுகள், எதிரெதிர் அம்புக்குறிகள்]

வணக்கம். தலைமை அலுவலகத்துக்கும் கிளைக்கும் நடுவே நொடிக்கு 2 மெகாபிட் வேகமுள்ள லீஸ்டு லைன், அதாவது நமக்கென்றே வாடகைக்கு எடுக்கும் தனி இணைப்பு, எடுத்தால், போகும் தரவும் வரும் தரவும் அந்த 2 மெகாபிட்டைப் பங்கிட்டுக்கொள்ளும் என்று பலர் கருதுகிறார்கள். உண்மையில், ஒரே நேரத்தில் ஒவ்வொரு திசைக்கும் 2 மெகாபிட் முழுமையாகக் கிடைக்கிறது.

இந்த அமைப்பு தொலைபேசியிலிருந்து வந்தது. குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளில் எழுதினால் 64 கிலோபிட் ஆகிறது. ஒவ்வொன்றும் அந்த 64 கிலோபிட்டைச் சுமக்கும் 32 காலத்துண்டுகள் மாறி மாறி வரும்படி சேர்ந்ததே, இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் வழங்கும் இ1 என்னும் 2.048 மெகாபிட் இணைப்பு. பேசுபவர் இருவரின் குரலும் ஒரே சமயத்தில் செல்ல வேண்டும் என்பதால், செம்புக் கம்பியில் வரும் இ1 இணைப்பில் அனுப்புவதற்கு ஒரு ஜோடியும் பெறுவதற்கு மற்றொரு ஜோடியும் தனித்தனியே இருக்கின்றன.

[திரையில்: 32 கட்டங்கள், பல காலியாக ஓடுகின்றன]

தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் காலத்துண்டுகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒரு திசை வெறுமையாக இருப்பதால் மறு திசை 4 மெகாபிட்டாகிவிடாது. தொலைபேசிக் கம்பி வழியே வீடுகளுக்கு வந்த ஏடிஎஸ்எல் என்னும் இணைய இணைப்பு இதற்கு மாறானது: ஒரே ஜோடிக் கம்பியின் அதிர்வெண்களில் சிறு பகுதியை அனுப்புவதற்கும் பெரும்பகுதியைப் பெறுவதற்கும் அது ஒதுக்கியது.

இனி, நான் மிக முக்கியமாகக் கருதும் செய்திக்கு வருகிறேன். கம்பியில் இரண்டு திசைகளும் தனித்தனி என்றாலும், தரவு சரியாகச் சேர்ந்ததா என்று உறுதிசெய்துகொண்டு அனுப்பும் விதிமுறையான டிசிபி அவற்றைப் பிணைக்கிறது; கிளையில் ஒருவர் கோப்பைப் பதிவிறக்கும்போது, வந்த தரவுக்கான ஒப்புகைகள், அதாவது 'கிடைத்தது' என்னும் சிறு செய்திகள், போகும் திசையில் திரும்பிச் சென்றால்தான் அடுத்த தரவு வரும். அதே வேளையில் கிளையின் பேக்கப் போகும் திசையை நிரப்பிவிட்டால், அந்தச் சிறிய ஒப்புகைகள் ரவுட்டரின் வரிசையில் காத்துக்கிடக்க, வரும் திசையில் இடமிருந்தும் பதிவிறக்கம் தளர்ந்துவிடுகிறது.

[திரையில்: வரைபடம், போவது 1.9 மெகாபிட், வருவது 0.3 மெகாபிட்]

இந்த இரண்டையும் கூட்டி, 4 மெகாபிட்டில் 2.2 மட்டுமே செலவாகிறது என்று முடிவு செய்வது தவறு, ஏனெனில் போகும் திசை ஏற்கெனவே நிரம்பிவிட்டது. பேக்கப்பை இரவுக்கு மாற்றலாம். முடியாதபோது, ரவுட்டரில் ஒப்புகைகளுக்கு முன்னுரிமை தந்து பேக்கப்புக்கு வேக வரம்பு வைத்தால், கூடுதல் பேண்ட்வித் வாங்காமலேயே பதிவிறக்கம் சீராகும்.