கப்பிரி எம்போசி போகும் ரயில்

அனைவருக்கும் வணக்கம். ‘சீனாவும் ஆப்பிரிக்காவும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். 54 நாடுகள் உள்ள கண்டத்தை ஒரே ஆளாக நினைத்துப் பேசினால் உளறலாகத்தான் முடியும். அதனால் ஒரு ரயில் பாதையைப் பிடித்துக்கொள்கிறேன்.

தான்சானியாவின் தாருஸ் ஸலாம் துறைமுகத்தில் கிளம்பி, ஜாம்பியாவின் கப்பிரி எம்போசியில் முடிகிற தசாரா பாதை. 1,860 கிலோமீட்டர். ஜாம்பியாவில் செம்பு உண்டு, கடல் கிடையாது. செம்பு துறைமுகம் போய்ச் சேர, வெள்ளையர் ஆண்ட ரொடீசியாவைத்தான் (இன்றைய ஜிம்பாப்வே) நம்பியிருந்தது. 1965 நவம்பரில் ரொடீசியா தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்தது. ஜாம்பியாவின் குடுமி எதிராளி கையில். எரிபொருளைக்கூட வடக்கே தான்சானியாவிலிருந்து மண் சாலையில் லாரி வைத்துக் கொண்டுவந்தார்கள். அந்தச் சாலைக்கு ‘நரக ஓட்டம்’ என்றே பெயர் விழுந்தது.

தான்சானிய அதிபர் நைரேரேயும் ஜாம்பிய அதிபர் கவுண்டாவும் முதலில் மேற்கு நாடுகளைத்தான் கேட்டுப் பார்த்தார்கள். கட்டுப்படியாகாது என்றது உலக வங்கி. சீனா ஒப்புக்கொண்டது. 1967-ல் பெய்ஜிங்கில் கையெழுத்து, வட்டியில்லாக் கடன். அன்றைய சீனா பண்பாட்டுப் புரட்சியில் கொந்தளித்துக்கொண்டிருந்த ஏழை நாடு. தனிநபர் வருமானத்தில் ஜாம்பியாவே அதைவிட மேலே இருந்தது. கடன் கொடுத்தவர் வாங்கியவரைவிட ஏழை!

அப்புறம், கூலிக்கு உள்ளூர்ப் பணம் வேண்டுமே? அதற்குச் சீனா கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்த விஷயம். துணிமணியும் வீட்டுச் சாமான்களும் கப்பலில் வந்து இறங்கின. இரு நாட்டுக் கடைகளிலும் அவற்றை விற்று, வந்த காசில் உள்ளூர்ச் செலவைச் சமாளித்தார்கள். ஆக, தாருஸ் ஸலாமில் சீனச் சட்டைத்துணி வாங்கிய ஒருவர், தனக்குத் தெரியாமலே ஒரு தண்டவாளக் கட்டைக்குக் காசு கொடுத்தார். வந்த சரக்கெல்லாம் எல்லோருக்கும் பிடித்திருந்தது என்று நான் சொல்லமாட்டேன்.

எம்லிம்பாவிலிருந்து மகம்பாக்கோ வரை மலை, பள்ளத்தாக்கு, சேறு. சுரங்கப்பாதையும் பாலமும் அங்கேதான் நெருக்கமாக வரும். வேலையில் இறந்த சீனர்கள் மட்டும் 60 பேருக்கு மேல். தாருஸ் ஸலாமுக்கு வெளியே அவர்களுக்கு ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 2013-ல் ஷி ஜின்பிங் அங்கே போய் அஞ்சலி செலுத்தினார். 1976-ல் பாதை இரு நாடுகளிடமும் ஒப்படைக்கப்பட்டது.

இதெல்லாம் தருமக் கணக்கா? இல்லை. 1971 அக்டோபரில் ஐ.நா.வில் தைவான் வைத்திருந்த சீன நாற்காலி பெய்ஜிங்குக்குக் கிடைத்தபோது ஆதரவாக விழுந்த 76 வாக்குகளில் 26 ஆப்பிரிக்க நாடுகளுடையவை. தான்சானியத் தூதர் சலீம் அகமது சலீம் சபையிலேயே ஆடினார். பத்தாண்டு கழித்து அவர் ஐ.நா. பொதுச்செயலாளர் பதவிக்கு நின்றபோது அமெரிக்கா மீண்டும் மீண்டும் தடுத்தது. எதிரே நின்ற, அப்போது அந்தப் பதவியில் இருந்த வால்ட்ஹைமைச் சீனா தடுத்தது. கொடுக்கல் வாங்கல் அன்றே இருந்தது. இரு தரப்புக்கும் அது தெரிந்தும் இருந்தது.

ஆகவே, ‘அன்று நட்பு, இன்று சுரண்டல்’ என்று பிரித்துப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வேறொன்று மாறியிருக்கிறது. 1964-ல் சீனப் பிரதமர் சூ என்லாய் வெளிநாட்டு உதவிக்கு என்று அறிவித்த எட்டுக் கொள்கைகளில் கடைசியானது, சீன நிபுணர்கள் உள்ளூர் நிபுணர்களைப் போலவே வாழவேண்டும், தனிச் சலுகை கேட்கக்கூடாது என்பது. 2005-ல் ஜாம்பியாவின் சம்பிஷியில் சீனச் சுரங்கத்தை ஒட்டிய வெடிமருந்து ஆலை வெடித்து நாற்பதுக்கும் மேற்பட்ட ஜாம்பியத் தொழிலாளர்கள் செத்தார்கள். அந்த எட்டாவது கொள்கையை அங்கே யாரிடம் போய்ச் சொல்வது? அடுத்த ஆண்டுத் தேர்தலில் எதிர்க்கட்சித் தலைவர் மைக்கேல் சாட்டா சீன முதலீட்டைத் திட்டியே வாக்குக் கேட்டார். 2011-ல் ஜெயித்து அதிபரானதும் சீன முதலீட்டாளர்களை விருந்துக்கு அழைத்தார். அரசியல்வாதி எங்கும் அரசியல்வாதிதான்.

2020 ஏப்ரலில் குவாங்சோ நகரில், கொரோனா அச்சத்தில், ஆப்பிரிக்கர்களை வாடகை வீடுகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வெளியேற்றினார்கள். பலர் தெருவில் படுத்தார்கள். பெய்ஜிங்கில் இருந்த ஆப்பிரிக்கத் தூதர்கள் சேர்ந்து கடிதம் எழுதினார்கள். நைஜீரிய நாடாளுமன்றச் சபாநாயகர் சீனத் தூதரை அழைத்து, கைப்பேசியில் அந்த வெளியேற்றத்தின் காணொளியைக் காட்டிக் கேள்வி கேட்டார். உச்சி மாநாட்டு மேடையில் கேட்காத தொனி அது.

சரி, கடனுக்கு வருவோம். ‘கடன் பொறி’ என்ற பேச்சு நிறைய அடிபடுகிறது. 2020-ல் ஜாம்பியா திவாலானபோது அதற்குப் பெருங்கடன் கொடுத்திருந்தது சீனாதான். ஆனால் திவால் என்று பெயர் வந்தது, சந்தையில் விற்ற டாலர் பத்திரங்களில் தவணை தவறியதால். பொறி என்று சொல்லும்போது, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்ட உள்ளூர் அமைச்சர் கதையிலிருந்து நழுவிவிடுகிறார். கென்யாவைப் பாருங்கள். சீனக் கடனில் கட்டிய மொம்பாசா - நைரோபி ரயில் 2017-ல் ஓடத் தொடங்கியது. கொள்முதலில் நாட்டின் சட்டமே மீறப்பட்டது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-ல் சொன்னது. 2014-ல் போட்ட கடன் ஒப்பந்தத்தில் ஒரு பகுதியைக் கென்ய மக்கள் கண்ணால் பார்த்தது 2022 நவம்பரில். தகராறு வந்தால் பெய்ஜிங்கில், சீனச் சட்டப்படி தீர்ப்பு என்று அதில் எழுதியிருந்தது. அதை எழுதியவர்கள் சீனர்கள். எட்டு ஆண்டு மறைத்தவர்கள் கென்யர்கள்.

மறுபடி தசாரா. பராமரிப்பு இல்லாமல் தேய்ந்துபோன பாதையை 140 கோடி டாலர் செலவில் சீர்செய்து, 30 ஆண்டுக் குத்தகையில் நடத்த ஒரு சீன அரசு நிறுவனம் 2025-ல் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அதே செம்பை மேற்கே அங்கோலாவின் லோபிட்டோ துறைமுகத்துக்கு இழுக்க அமெரிக்காவும் ஐரோப்பாவும் பணம் இறக்குகின்றன. ஒரு காலத்தில் ஒரு பாதைக்காக ஊர் ஊராகக் கேட்டு நின்ற ஜாம்பியத் தலைநகர் லுசாக்காவின் வாசலில் இன்று இரண்டு தரப்பும் நிற்கின்றன. பேரம் பேச இதைவிட நல்ல வேளை வாய்க்காது. அந்தக் குத்தகைப் பத்திரம் முழுசாக லுசாக்கா, தான்சானியத் தலைநகர் டொடோமா நாடாளுமன்றங்களின் மேசைக்கு வருமா என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.