வெளிநாட்டுல வாங்கின சேகரிப்புப் பொருளுக்கு இன்னொரு பில் ஏன் வருது?

[திரையில்: ஏலத் தளம். "ஏலம் உங்களுக்கே" என்ற அறிவிப்பு. அதன் மேல் இன்னொரு மெசேஜ்: "சுங்க வரி பாக்கி உள்ளது."]

பழைய நாணயம், தபால்தலை, டிரேடிங் கார்டு, வினைல் ரெக்கார்டுன்னு நீங்க எதைச் சேகரிச்சாலும், வெளிநாட்டு விற்பனையாளர்கிட்ட வாங்கினா இந்த ரெண்டாவது பில் எப்ப வேணா வரலாம். பார்சல் உங்க ஊர் வந்து சேர்ந்த பிறகு யாரோ ஒருத்தர் உட்கார்ந்து போடுற கணக்குன்னுதான் பலர் நினைக்கிறாங்க. ஆனா அதுல பெரும்பகுதி பார்சல் கிளம்பும்போதே முடிவாயிடுது. பார்சல் மேல ஒட்டுற ஒரு சின்னத் தாள்தான் அதை முடிவு பண்ணுது. அந்தத் தாள்ல என்ன எழுதணும்னு விற்பனையாளர்கிட்ட முன்கூட்டியே பேசிக்க உங்களால முடியும்.

[திரையில்: சுங்க அறிவிப்புத் தாள், நெருக்கத்தில்]

தபால்ல வர்ற பார்சல்னா இதுக்குப் பேரு சிஎன் 22. மதிப்பு அதிகமா இருந்தா சிஎன் 23. கூரியர்னா இன்வாய்ஸ். பரிசா, விற்பனையான்னு டிக் பண்ற கட்டங்கள் மேல இருக்கு. கீழ பொருளோட விவரம், எடை, மதிப்பு, எந்த நாட்டுல தயாரானது, அப்புறம் எச்.எஸ். கோடு. இதே விவரம் கம்ப்யூட்டர் வழியா சுங்கத்துறைக்கு முன்னாடியே போயிடுது. எல்லாப் பார்சலையும் பிரிச்சுப் பார்க்க முடியாது. அதனால அந்த நாலு வரியை நம்பித்தான் வரி போடுவாங்க.

அந்த எச்.எஸ். கோடு ரொம்ப முக்கியம். ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஒரு எண் கொடுத்து உலக சுங்க அமைப்பு உருவாக்கின பட்டியல் இது, 1988-ல நடைமுறைக்கு வந்தது. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. சேகரிக்கிறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது இதோட 97-வது அத்தியாயம். தபால்தலை, முதல்நாள் உறை எல்லாம் 9704. வரலாற்று மதிப்புள்ள பொருள், சேகரிப்பு நாணயம் 9705. நூறு வருஷத்துக்கு மேல பழசான பொருள் 9706. பல நாடுகள்ல இந்த அத்தியாயத்துக்குச் சுங்கவரி இல்லை, இல்லன்னா குறைவு. பிரிட்டன்ல இந்த வகைப் பொருளுக்கு இறக்குமதி வாட் வரி நடைமுறையில 5 சதவீதம்தான் வரும். வழக்கமான விகிதம் 20 சதவீதம்.

[திரையில்: ஒரே நாணயம், இரண்டு தாள்கள். ஒன்றில் "உலோகப் பொருள்". மற்றதில் "சேகரிப்பு நாணயம், செம்பு, 1835, எச்.எஸ். 9705".]

பொருள் ஒண்ணுதான். தாள் மாறினா பில்லும் மாறும்.

ஆனா ஒண்ணு: நான் சேகரிக்கிறேன்கிறதுக்காக ஒரு பொருள் 9705-க்குள்ள போயிடாது. ஐரோப்பிய நீதிமன்றம் 1985-ல இதுக்கு ஒரு அளவுகோல் சொல்லிச்சு. பொருள் அரிதா இருக்கணும். அதோட அசல் வேலைக்குப் பொதுவா பயன்படாம இருக்கணும். சாதாரண வியாபாரத்துக்கு வெளியே கைமாறணும். மதிப்பும் அதிகமா இருக்கணும். போன வருஷம் ஃபேக்டரியிலிருந்து வந்த சிலை, பெட்டியில "லிமிடெட் எடிஷன்"னு போட்டிருந்தாலும் இதுல தேறாது. அது பொம்மை, இல்லன்னா பிளாஸ்டிக் அலங்காரப் பொருள். அதுக்குரிய வரியை எதிர்பார்த்துத்தான் ஏலம் கேட்கணும்.

அடுத்தது, எந்தத் தொகை மேல வரி போடுறாங்க? ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், இந்தியா மாதிரி நாடுகள்ல அனுப்புற செலவும் இன்சூரன்ஸும் சேர்த்த மதிப்பு மேல சுங்கவரி. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவுல சர்வதேச அனுப்பும் செலவைச் சேர்க்காம போடுறாங்க.

[திரையில்: கணக்கு ஒவ்வொரு வரியாகத் தோன்றும்]

பொருள் 100 டாலர், அனுப்புற செலவு 40. சுங்கவரி 10 சதவீதம், அதுக்கு மேல விற்பனை வரி 20 சதவீதம்னு உதாரணத்துக்கு வச்சுக்குவோம். முதல் முறையில 140 மேல 14 டாலர் சுங்கவரி. இப்ப தொகை 154. அதுக்கு மேல விற்பனை வரி 30 டாலர் 80 சென்ட். ரெண்டும் சேர்ந்து 44 டாலர் 80 சென்ட், பொருளோட விலையில கிட்டத்தட்ட பாதி. கவனிச்சீங்களா, வரி மேலயும் வரி ஏறுது.

"சின்னப் பார்சலுக்கு வரி இல்லை"ன்னு பழைய பதிவுகள்ல படிச்சிருப்பீங்க. அதை நம்பி வாங்காதீங்க. 22 யூரோ வரைக்கும் இருந்த வாட் விலக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில எடுத்துடுச்சு. அமெரிக்காவோட 800 டாலர் சலுகை 2025 ஆகஸ்ட் 29-ல எல்லா நாட்டுக்கும் நின்னுபோச்சு. பல இடங்கள்ல வரியை விற்பனைத் தளமே பணம் கட்டுறப்போ வாங்கிடுது. நல்ல ஏற்பாடுதான். ஆனா தளத்தோட பதிவு எண் பார்சல் விவரத்தோட சரியாப் போகலைன்னா, வாசல்ல மறுபடியும் அதே வரியைக் கேட்பாங்க. ஆர்டர் ரசீதைக் கையில வச்சிருந்தாதான் அப்ப பேச முடியும்.

கூரியர் கட்டணம் தனி. உங்களுக்காக வரியை முன்கூட்டியே கட்டினதுக்கு அவங்க வாங்குற தொகை அது, அரசாங்கத்துக்குப் போறதில்லை. சின்னப் பொருளுக்கு சில சமயம் வரியை விட இதுதான் பெருசா இருக்கும். ஒரே ஆள்கிட்ட ரெண்டு மூணு பொருள் வாங்கினா ஒரே பார்சலாக் கேட்கலாம், இந்தக் கட்டணம் ஒரு தடவையோட போகும். மொத்த மதிப்பு ஏதாவது வரம்பைத் தாண்டுதான்னு மட்டும் முதல்ல பார்த்துக்கோங்க.

"பரிசுன்னு போட்டு அனுப்பட்டுமா, விலையைக் குறைச்சு எழுதட்டுமா"ன்னு சில விற்பனையாளர்கள் கேட்பாங்க. வேண்டாம்னு தெளிவா சொல்லிடுங்க. அது பொய் அறிவிப்பு. மாட்டினா அபராதம், பறிமுதல் வரைக்கும் போகும். மாட்டலைன்னாலும் ஆபத்து இருக்கு. 400 டாலர் கார்டுக்கு 20 டாலர்னு எழுதி அது வழியில தொலைஞ்சா, எந்த மதிப்புக்கு இழப்பீடு கேட்பீங்க? தந்தம், ஆமை ஓடு கலந்த பழைய பொருள்னா வரி கட்டினா மட்டும் போதாது, அருகிவரும் உயிரின வர்த்தக ஒப்பந்தமான சைட்டிஸ் விதியும் வரும். அனுமதிப் பத்திரம் இல்லாம வாங்காதீங்க.

[திரையில்: விற்பனையாளருக்கு அனுப்பும் மெசேஜ்]

ஏலம் கேட்கறதுக்கு முன்னாடி இப்படி ஒரு மெசேஜ் போடுங்க: "வணக்கம். தாள்ல பொருளோட பேர், எதால செஞ்சது, எந்த வருஷம், எச்.எஸ். கோடு, நான் கொடுக்கிற உண்மையான விலை, இதையெல்லாம் எழுதுவீங்களா? தபாலா, கூரியரா? வரி நீங்க கட்டி அனுப்புறீங்களா, நான் இங்க கட்டணுமா?" பதில் மழுப்பலா வந்தா, பொருள் எவ்வளவு அரிதா இருந்தாலும் நான் ஏலம் கேட்க மாட்டேன்.

வரி தப்பாப் போட்டிருக்காங்கன்னு தோணினா மறுபரிசீலனை கேட்கலாம். பல நாடுகள்ல அதுக்குக் காலக்கெடு உண்டு, அதனால உடனே கேளுங்க. பொருளைத் திருப்பி அனுப்புறீங்கன்னா விற்பனையாளர் விலையைத் திருப்பித் தருவார், வரியைத் தர மாட்டார். அதை நீங்கதான் சுங்கத்துறைகிட்ட விண்ணப்பிச்சு வாங்கணும். அதுக்கு வரி ரசீது, திருப்பி அனுப்பினதுக்கான ஆதாரம், பார்சல் மேல இருந்த அந்தத் தாள், மூணுமே தேவைப்படலாம். பெட்டியைப் பிரிக்கும்போதே தாளை ஒரு போட்டோ எடுத்து வச்சிடுங்க.