கூடைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் கணவன்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

16ஆம் நூற்றாண்டு பிளாண்டர்ஸின், அதாவது இன்றைய பெல்ஜியத்தின் வடபகுதியின், தெருநாடகத்தை உள்ளபடி நமக்குக் காட்டுவது நாடகப் பிரதியா, ஓவியமா? இதுதான் தலைப்பு. பிரதியே என்றார்கள் எதிரணியினர். பிரதியில் இருப்பது நடிகன் வாயில் வந்த சொல். படத்தில் இருப்பது பட்டறையில் உட்கார்ந்து இட்டுக்கட்டிய காட்சி என்பது அவர்கள் வாதம்.

ஒரே நாடகத்தை வைத்துப் பார்த்துவிடுவோம். ‘பிளையர்வாட்டர்’ என்ற கேலிக்கூத்தின் பிரதி நம் கையில் இருக்கிறது. நோய் வந்ததாக நடிக்கும் மனைவி, மருந்துத் தண்ணீர் தேடிவரக் கணவனை ஊரைவிட்டு அனுப்புகிறாள். வீட்டில் பாதிரியாருக்கு விருந்து. வழியில் எதிர்ப்படும் கோழி வியாபாரி உண்மையைச் சொல்லி, கணவனைத் தன் முதுகுக் கூடையில் ஒளித்து வீட்டுக்கே தூக்கி வருகிறான். இந்தக் கூத்து திருவிழாவில் நடப்பதை ஆன்ட்வெர்ப் ஓவியர் பீட்டர் பால்ட்டன்ஸ் 1570ஐ ஒட்டி வரைந்தார். அந்தப் படம் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

படத்தில் மேடை எப்படி இருக்கிறது? தரையிலிருந்து உயர்த்திப் போட்ட பலகை, பின்னால் ஒரு துணித்திரை. மேடைமேல் மேசை போட்டு மனைவியும் பாதிரியாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். கூடைக்குள்ளிருந்து கணவன் தலையை நீட்டுகிறான். சுற்றிலும் குடி, ஆட்டம், வியாபாரம். இந்த இரைச்சலில் வசனம் எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும்? அதனால்தான் கதையே ஒரு கூடையில் தொங்குகிறது. கடைசி வரிசையில் நிற்பவனுக்குச் சொல் கேட்காவிட்டாலும் கூடை தெரியும், தலை தெரியும், சிரிப்பு வந்துவிடும். பிரதியை மட்டும் படித்தால் கூடை வெறும் கதைத் திருப்பம். அது தூரத்துக்கும் தெரியவேண்டிய மேடைப்பொருள் என்பது படத்தைப் பார்த்தால்தான் பிடிபடும்.

அடுத்து, வியன்னாவில் உள்ள மூத்த பீட்டர் புரூகலின் 1559ஆம் ஆண்டுப் படம்: கார்னிவல் என்ற கொண்டாட்டத்துக்கும் அதை அடுத்து வரும் கிறிஸ்தவ நோன்பு நாட்களான தவக்காலத்துக்கும் நடக்கும் சண்டை. ஓக் பலகை, 118க்கு 164 சென்டிமீட்டர். ‘நீலப் படகு’ விடுதியின் முன்னால் ‘அழுக்கு மணப்பெண்’ கூத்து. சற்றுத் தள்ளி ‘வாலண்டைனும் ஓர்சனும்’ என்ற இன்னொரு கூத்து. இரண்டுக்குமே மேடை கிடையாது, வெறுந்தரைதான். சதுக்கத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. கிணற்றடியில் மீன் விற்கிறார்கள், தேவாலயத்திலிருந்து மக்கள் வெளியே வருகிறார்கள், பிச்சைக்காரர்கள் கையேந்துகிறார்கள். பார்க்காதவர்களையும் சேர்த்ததுதான் தெருநாடகத்தின் கூட்டம். எந்தப் பிரதியாவது அவர்களைப் பற்றி ஒரு வரி எழுதுமா?

இட்டுக்கட்டியது என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இத்தனை பேரை ஒரு பலகையில் அடக்க, கண்மட்டத்தை உயர்த்தித்தான் ஆகவேண்டும். சதுக்கத்தில் நின்று பார்த்தபடி வரைந்தால் முன்வரிசைத் தலைகள் பின்னால் உள்ள அத்தனையையும் மறைத்துவிடும். ஆக, பார்வைக் கோணம் ஓவியர் அமைத்ததுதான், மறுக்கவில்லை. அதனால் திரையும் கூடையும் பொய்யாகிவிடுமா?

மூத்த புரூகலின் மகன், அதே பெயர் கொண்ட பீட்டர் புரூகல், ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்தார் என்றும் சொன்னார்கள். உண்மை. மாதிரித் தாளில் கோட்டின்மேல் ஊசியால் துளையிட்டு, வெள்ளைப் பூச்சுப் பலகையில் வைத்து, கரித்தூள் கட்டிய துணி முடிச்சால் தட்டுவார்கள். விழுந்த புள்ளிகளைக் கோட்டால் இணைத்துவிட்டுத் தூளைத் துடைத்துவிடுவார்கள். அகச்சிவப்புப் படப்பிடிப்பில் அந்தப் புள்ளிகள் சில இன்றும் தெரிகின்றன. ஆகையால் கேம்பிரிட்ஜில் உள்ள அவருடைய 1632ஆம் ஆண்டுத் திருவிழாப் படத்தில் பிளையர்வாட்டர் இருக்கிறது என்பதற்காக, அந்த வருடம் அந்தக் கூத்து ஆடப்பட்டது என்று நாங்கள் சொல்லமாட்டோம். உடை நிறத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பமாட்டோம்: ஸ்மால்ட் என்ற நீலக் கண்ணாடித்தூள் எண்ணெயில் கலந்து நாளானால் சாம்பல் நிறமாகிவிடும்.

ஆனால் அதே நகல்கள்தான் ஒரு பெரிய உதவியும் செய்திருக்கின்றன. வியன்னா படத்தில் நோயாளிகளும் பிணமும் பிற்காலத்தில் வண்ணம் பூசி மறைக்கப்பட்டிருக்கிறார்கள். யாருக்கோ கண்ணை உறுத்தியிருக்கிறது. மகன் வரைந்த நகலில் அவர்கள் இருக்கிறார்கள். ஒரு படத்தில் அழிந்ததை இன்னொரு படத்தைக் கொண்டு மீட்கிறோம்.

பிளையர்வாட்டர் பிரதி முழுவதும் எதிரணியிடம் இருக்கிறது. கூத்து நடக்கும்போது கூட்டம் எங்கே நின்றது, எத்தனை பேர் முதுகு காட்டினார்கள் என்று சொல்லும் ஒரே ஒரு வரியை அதிலிருந்து எடுத்து வாசிக்கட்டும், நடுவர் அவர்களே. நான் உட்கார்ந்து கேட்கிறேன்.