யாரும் சூடாக்காத பிளாஸ்மா

வணக்கம். பேசத் தொடங்கும் முன், திரையில் இருக்கும் இந்தக் கோட்டைப் பாருங்கள். கீழே போவது நேரம், மேலே ஏறுவது எலக்ட்ரான்களின் வெப்பநிலை. இது என் கணினிக்குள் உருவகித்த பிளாஸ்மா, அதாவது எலக்ட்ரான்கள் அணுக்களிலிருந்து பிரிந்து திரியும் வாயு. 2 எலக்ட்ரான் வோல்ட்டில் தொடங்கினேன். பெட்டிக்குள் லேசர் இல்லை, வெளியிலிருந்து மின்புலம் இல்லை, எந்தக் கற்றையும் பாயவில்லை. சும்மா கிடக்கும் பிளாஸ்மா. சும்மாவே கிடந்திருக்க வேண்டும். கோடோ ஏறி ஏறி 20-ஐ நெருங்கிவிட்டது. ஒரு எலக்ட்ரான் வோல்ட் என்பது ஏறத்தாழ 11,600 கெல்வின். அப்படியென்றால் இரண்டு லட்சம் டிகிரி எங்கிருந்தோ வந்து குடியேறியிருக்கிறது!

இதன் காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. தேடிய வழியிலேயே உங்களையும் அழைத்துப் போகிறேன்.

நான் பயன்படுத்தும் உருவகிப்பு முறையின் பெயர் பார்ட்டிக்கிள் இன் செல், சுருக்கமாகப் பிக். என் பிளாஸ்மாவின் அடர்த்தியில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் ஒரு லட்சம் கோடி எலக்ட்ரான்கள் இருக்கும். ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றையும் தள்ளுவதைச் சோடி சோடியாகக் கணக்கிட எந்தக் கணினியாலும் ஆகாது. அதனால் இரண்டு தந்திரங்கள். பல்லாயிரம் எலக்ட்ரான்களை ஒரே பெருந்துகளாகக் கட்டிவிடுகிறோம். மின்னூட்டமும் நிறையும் ஒரே மடங்கில் பெருகுவதால் அவற்றின் விகிதம் மாறாது. ஒற்றை எலக்ட்ரான் போகும் பாதையிலேயே மூட்டையும் போகும். அடுத்தது, துகள்கள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசுவதில்லை. இடத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்தின் முனைகளில் மட்டும் புலத்தைக் கணக்கிட்டு, அதைத் துகள்களுக்குத் திருப்பிக் கொடுக்கிறோம்.

1959-இல் ஆஸ்கர் புனேமனும் 1962-இல் ஜான் டாசனும் வெளியிட்ட ஒற்றைப் பரிமாணக் கணக்கீடுகளில்தான் இந்த வழிக்கு வேர் இருக்கிறது. கட்டம் பின்னால் வந்து சேர்ந்தது. என்னைச் சிக்கவைத்ததும் அதுதான்.

முதலில் நான் சந்தேகப்பட்டது பங்கீட்டை. இந்த ஒரு துகளைப் பெரிதாக்கிக் காட்டுகிறேன். இடது முனையிலிருந்து கட்டத்தின் 0.3 பங்கு தூரத்தில் நிற்கிறது. ஆகவே அதன் மின்னூட்டத்தில் 70 சதவீதம் இடது முனைக்கு, 30 சதவீதம் வலது முனைக்கு. முனைகளில் சேர்ந்த மின்னூட்டத்தை வைத்துப் பாய்சான் சமன்பாட்டைத் தீர்த்தால் மின்புலம் கிடைக்கும். அந்தப் புலத்தைத் துகள் வாங்கும்போதும் அதே 70, 30 கணக்கில்தான் வாங்க வேண்டும். போகும்போது ஒரு கணக்கு, வரும்போது வேறு கணக்கு என்றால் துகள் தன்னைத்தானே தள்ளிக்கொண்டு ஓடத் தொடங்கிவிடும். பெட்டிக்குள் ஒரே ஒரு துகளை வைத்து ஓட்டிப் பார்த்தேன். ஆணி அடித்ததுபோல் நின்றது. பங்கீடு நிரபராதி.

அடுத்த சந்தேகம் நேர அடி, அதாவது கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேரத் துண்டு. இங்கே இடமும் வேகமும் ஒரே கணத்தில் கணக்கிடப்படுவதில்லை. இடம் முழு அடிகளில், வேகம் அரை அடிகளில். ஒன்றையொன்று தாண்டித் தாண்டிப் போகும். தொடக்கத்தில் வேகத்தை அரை அடி பின்னே இழுத்து வைக்க மறப்பவர்கள் அநேகம். நானும் முன்பு மறந்திருக்கிறேன். இந்த முறை மறக்கவில்லை. அடியின் அளவும் சரிதான்: எலக்ட்ரான்கள் கூட்டமாக இயல்பாய் ஊசலாடும் பிளாஸ்மா அதிர்வெண்ணோடு பெருக்கினால் 0.2. இப்படித் தாண்டிப் போகும் வழி 2 வரை தாங்கும். காந்தப்புலம் இருந்திருந்தால் போரிஸ் முறையையும் துருவியிருப்பேன். மின்புலத்தில் பாதித் தள்ளு, காந்தப்புலத்துக்கு ஒரு சுழற்று, மீண்டும் பாதித் தள்ளு என்பது அந்த முறை. சுழற்றும்போது வேகத்தின் அளவு மாறாது என்பது அதன் அழகு. என் பெட்டியில் அது தேவைப்படவில்லை.

இரண்டாம் நாள் மாலைதான் முதல் நிமிடத்திலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். டிபை நீளம். ஒரு மின்னூட்டத்தைச் சுற்றி மற்றவை கூடி, அதன் செல்வாக்கை மறைத்துவிட எடுக்கும் தூரம் அது. என் அடர்த்தியில், 2 எலக்ட்ரான் வோல்ட்டில், சுமார் 10 மைக்ரான். என் கட்டத்தின் அகலம் 100 மைக்ரான்! இதை எழுதிப் பார்த்த பிறகு கொஞ்ச நேரம் திரையைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

இரண்டு கட்டங்களை விடச் சிறிய அலையைக் கட்டத்தால் காண முடியாது. காண முடியாததை அது சும்மா விட்டுவிடுவதும் இல்லை. நீண்ட அலையாகத் தவறாகப் படித்துக்கொள்கிறது. இல்லாத அந்த அலை துகள்களைத் தள்ளுகிறது, துகள்கள் மீண்டும் அதற்குத் தீனி போடுகின்றன, வெப்பநிலை ஏறுகிறது. வெப்பநிலை ஏறினால் டிபை நீளமும் நீளும். கட்ட அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை அது எட்டும்போது ஏற்றம் தளர்கிறது. என் கணக்கில் அந்த இடம் 20 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி. கோடு மெல்லத் தளர்வதும் அங்கேதான். இது இயற்பியல் அல்ல, ஆனால் இயற்பியலைப் போலவே நடந்துகொள்கிறது. இந்தக் கோட்டை மட்டும் யாராவது காட்டியிருந்தால், ஏதோ சூடேறிச் சமநிலைக்கு வருகிறது என்று நானே நம்பியிருப்பேன்.

பெருந்துகள்களை நான்கு மடங்காக்கியும் பார்த்தேன். துகள்கள் குறைவாக இருப்பதால் எழும் தற்செயல் நடுக்கமான இரைச்சல் பாதியானது; துகள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில்தான் அது குறையும். ஏற்றம் மெதுவானதே தவிர நிற்கவில்லை.

என்னுடையது ஒற்றைப் பரிமாணம் என்பதால் கட்டத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் வேலை முடிந்தது. முப்பரிமாணத்தில் அதே செயல் ஆயிரம் மடங்கு கட்டங்களைக் கேட்கும். மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து மாறுவதைச் சொல்லும் மேக்ஸ்வெல் சமன்பாடுகளை முழுமையாகத் தீர்க்கும் வழக்கமான நிரல் என்றால், ஒளி ஒரு நேர அடியில் ஒரு கட்டத்தைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்துகொள்ளும். நேர அடியும் சுருங்கி, செலவு பத்தாயிரம் மடங்கு. அதற்காகத்தான் மின்னூட்டத்தை இன்னும் பல முனைகளுக்குப் பரப்பும் வழவழப்பான துகள் வடிவங்களையும், அடுத்த கணத்தின் புலத்தையும் துகள்களையும் சேர்த்தே தீர்த்து ஆற்றலைக் காக்கும் உள்ளார்ந்த முறைகளையும் நாடுகிறார்கள். இவற்றிலும் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். ஆற்றலைக் கச்சிதமாகக் காப்பவை பொதுவாக உந்தத்தைக் கச்சிதமாகக் காப்பதில்லை.

இதோ, 10 மைக்ரான் கட்டத்தில் நேற்றிரவு ஓடியது. அதே பெட்டி, அதே துகள்கள், அதே 2 எலக்ட்ரான் வோல்ட். கொஞ்சம் நெருக்கிக் காட்டுகிறேன். மயிரிழை நடுக்கம் தெரிகிறதல்லவா? அது இரைச்சல். மற்றபடி கோடு படுத்தே கிடக்கிறது.