கிஃப்ட் கொடுத்த பயம்

நேயர்களுக்கு வணக்கம். பல வருடங்களுக்கு முன் ஜெர்மனியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். சைக்கிளை எடுக்க நிலவறைக்குப் போனால், அலமாரியில் ஓர் அட்டைப்பெட்டி. எலிப் படம் போட்டு, கீழே கொட்டை எழுத்தில் ‘ரட்டன்கிஃப்ட்’. ரட்டன் என்றால் எலிகள், அது தெரியும். எலிக்கு யாரப்பா கிஃப்ட் கொடுப்பது? திறந்து பார்த்தேன். இளஞ்சிவப்புச் சாயம் ஏறிய கோதுமை மணிகள். இரண்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரம்மா வந்துவிட்டார். அவர் போட்ட கூச்சல் இருக்கிறதே! குழாயடிக்கு இழுத்துப்போய் மூன்று முறை சோப்புப் போடவைத்தார்.

ஜெர்மனில் கிஃப்ட் என்றால் நஞ்சு. பாம்பு விஷம், ‘ஷ்லாங்கன்கிஃப்ட்’. பிறந்தநாள் பரிசுக்கு அங்கே ‘கெஷெங்க்’ என்று வேறு சொல்.

ஆனால் சொல் ஒன்றுதான். ஆங்கிலத்தில் ‘கிவ்’, ஜெர்மனில் ‘கேபன்’, இரண்டும் கொடுப்பது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உறவு காதுக்கே தெரியும். கொடுக்கப்படுவது கிஃப்ட். அது எப்படி நஞ்சாயிற்று? டோஸ் என்கிறோமே, அதன் மூலமான கிரேக்க ‘டோசிஸ்’ என்பதற்கும் கொடுத்தல் என்றுதான் பொருள். அதைப் பார்த்து ஜெர்மனிலும் கிஃப்ட் என்றார்கள். ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்து. அப்புறம் ஆளைக் கொல்லக் கொடுப்பதற்கும் அந்த நாசூக்கான பெயரே ஒட்டிக்கொண்டது. நம் ஊரிலும் ‘மருந்தைக் குடித்துவிட்டான்’ என்று பதறி ஓடிவந்தால், யாரும் காய்ச்சல் மருந்தென்று நினைப்பதில்லையே.

சரி, ஸ்வீடனுக்கு வருவோம். எழுத்து அதேதான், அங்கே ‘யிஃப்ட்’ என்பார்கள். நஞ்சு என்றும் பொருள்; கல்யாணமானவர் என்றும் பொருள்! சிரிக்காதீர்கள், அவர்களே இதைச் சொல்லிச் சிரித்துச் சலித்தவர்கள். ‘பெண் கொடுத்த இடம்’ என்கிறோம் அல்லவா, அதே கொடுத்தல்தான். பழைய ஆங்கிலத்திலும் இச்சொல்லுக்குப் பெண்ணுக்காகக் கொடுக்கும் பரியம் என்று பொருள்; உச்சரிப்பும் யிஃப்ட்தான். இன்றைய ‘கி’ ஒலி, வைக்கிங்குகள் கொண்டுவந்த நார்ஸ் மொழியின் உபயம். ஜெர்மனிலும் வரதட்சணை ‘மிட்கிஃப்ட்’, அதாவது கூடவே கொடுத்தது. அங்கே மட்டும் பழைய பொருள் விஷமேறாமல் தப்பிவிட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். டச்சுக்காரர்களுக்கு ஐந்து நிமிடம் வைத்திருந்தேன், போயிற்று. நன்கொடைக்குக் கடைசியில் ஒரு ‘ட்’ உண்டு, நஞ்சுக்கு இல்லை. அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. ஐஸ்லாந்தில் ‘கிஃப்டா’ என்றால் அதிர்ஷ்டம். வணக்கம்.