மெனுவில் இருக்கும் நிரலை ரூட்டாகத் திறக்கலாமா?

[திரையில்: உபுண்டு டெஸ்க்டாப், மெனு திறந்திருக்கிறது]

வணக்கம். டர்பன் சாட்ஸ்வர்த்தில், தமிழ் வகுப்பு நடக்கிற மண்டபத்துக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்காக இந்த வீடியோ. எல்லாமே யாரோ கொடுத்த பழைய கணினிகள், எல்லாவற்றிலும் உபுண்டு என்ற இயங்குதளம். 2004-ல் அதை ஆரம்பித்த மார்க் ஷட்டில்வர்த் நம் தென்னாப்பிரிக்காக்காரர். சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ரூட் என்பது கணினியில் எதையும் மாற்றும் முழு அதிகாரம் உள்ள நிர்வாகக் கணக்கு. ஹோஸ்ட்ஸ் கோப்பு என்பது எந்தக் கணினிப் பெயருக்கு எந்த முகவரி என்று குறித்திருக்கும், ரூட்டுக்குச் சொந்தமான கோப்பு. பிள்ளைகள் கேட்பது இது: "அண்ணா, எடிட்டர் திறக்குது, ஆனா ஹோஸ்ட்ஸ் கோப்பைச் சேமிக்க விடமாட்டேங்குது. மெனுவிலிருந்தே ரூட்டாகத் திறக்க முடியாதா?"

முடியும். எடிட்டருக்கு அது வேண்டாத வேலை.

[திரையில்: ஒரு டெஸ்க்டாப் கோப்பு, எக்ஸெக் வரி மஞ்சள் நிறத்தில்]

மெனுவில் தெரியும் ஒவ்வொரு நிரலுக்கும் பின்னால் ஒரு சின்ன உரைக்கோப்பு இருக்கிறது. கிளிக் செய்ததும் ஓடுவது அதிலுள்ள எக்ஸெக் வரி. ஓடுவது உங்கள் பெயரில். அந்தக் கட்டளைக்கு முன்னால், கடவுச்சொல் பெட்டி காட்டி நிரலை ரூட்டாக ஓட்டிய ஜிகேசூடோ என்ற கட்டளையைச் சேர்க்கச் சொல்லும் பழைய குறிப்புகள் இன்னும் கண்ணில் படும். உபுண்டு 18.04-லேயே அதை எடுத்துவிட்டார்கள். டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் ஜன்னலில், ரூட்டாக ஓட்டப் பயன்படும் வெறும் சூடோவைச் சேர்த்தால்? கடவுச்சொல் கேட்க டெர்மினல் இல்லை. கிளிக் செய்வீர்கள், ஒன்றும் நடக்காது.

[திரையில்: பிகேஎக்ஸெக் சேர்த்த வரி, கடவுச்சொல் பெட்டி]

ரூட்டாக ஓட்டும் இன்னொரு கட்டளையான பிகேஎக்ஸெக் சேர்த்தால் கடவுச்சொல் பெட்டி வரும். சரியாகத் தட்டுவீர்கள், பெட்டி மறையும், நிரலின் ஜன்னல் மட்டும் வராது. எந்தத் திரையில் வரைய வேண்டும் என்று சொல்வது டிஸ்ப்ளே என்ற மாறி. வரைய அனுமதி இருக்கும் கோப்பைக் காட்டுவது எக்ஸ்அத்தாரிட்டி. பாதுகாப்புக்காக இரண்டையும் பிகேஎக்ஸெக் கழற்றிவிட்டுத்தான் நிரலை ரூட்டிடம் அனுப்புகிறது. யாருக்கு எந்த அதிகாரம் என்று முடிவு செய்யும் அமைப்பு போல்கிட். நிரலோடு வரும் போல்கிட் கொள்கைக் கோப்பு "இதற்கு ஜன்னல் திறக்கலாம்" என்று சொன்னால்தான் அவை கூடவே போகும்.

ஜிபார்ட்டெட் அப்படி ஒரு கோப்போடு வருகிறது. அதனால்தான் அது மெனுவிலிருந்து கடவுச்சொல் கேட்டு ஒழுங்காகத் திறக்கிறது. டிஸ்க்கைப் பிரிக்கிற நிரல், அதற்கு ரூட் நியாயம்தான்.

[திரையில்: எடிட்டரின் திறக்கும் பெட்டி]

ஹோஸ்ட்ஸ் கோப்புக்கு இப்படிச் செய்யுங்கள். எடிட்டரை வழக்கம்போலத் திறங்கள். பாதை கேட்கும் இடத்தில் அட்மின், முக்காற்புள்ளி, மூன்று சாய்கோடு, அப்புறம் முதல் சாய்கோடு இல்லாமல் கோப்பின் பாதை. கடவுச்சொல் கேட்கும், கோப்பு திறக்கும், சேமிக்கவும் விடும். எடிட்டர் உங்கள் பெயரிலேயே ஓடுகிறது. கோப்பைப் படிப்பதும் எழுதுவதும் மட்டுமே ரூட் அதிகாரத்தில் நடக்கிறது. உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோமின் எடிட்டர்களில் இது வேலை செய்யும்.

[திரையில்: உள்நுழைவுத் திரை, திரும்பத் திரும்ப]

"டெர்மினலில் சூடோ போட்டு எடிட்டரைத் திறந்தால் போச்சு" என்பவர்கள் இதைப் பாருங்கள். 16.04 மாதிரிப் பழைய உபுண்டுவில் சூடோ உங்கள் வீட்டு அடைவையே பயன்படுத்தும். ரூட்டாக ஓடும் நிரல் அங்கே எழுதும் கோப்புகள் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும். அதில் எக்ஸ்அத்தாரிட்டி கோப்பும் மாட்டிக்கொண்டால் மறுநாள் கடவுச்சொல் சரியாகத்தான் இருக்கும், திரை ஒரு கணம் கறுக்கும், திரும்பவும் உள்நுழைவுப் பக்கமே வரும். பதற வேண்டாம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் அழுத்தி உரைத்திரைக்குப் போய், சூடோ சோன் கட்டளையால் கோப்பை உங்கள் பெயருக்கே மாற்றுங்கள்.

இன்னொன்று. பிகேஎக்ஸெக்கிலேயே 2009 முதல் ஒரு ஓட்டை இருந்து, 2022 ஜனவரியில்தான் வெளியே தெரிந்தது. சாதாரணப் பயனர் அதை வைத்து ரூட் ஆகிவிடலாம். மண்டபத்துக் கணினிகளில் புதுப்பிப்புகளை முதலில் போட்டுவிட்டு மற்ற வேலைக்குப் போங்கள்.